ஜஹாங்கீரின் அம்பும் மாலிக் அம்பரின் தலையும்

அயர்லாந்தின் டப்ளின் நகரத்தில் செஸ்டர் பீட்டி நூலகம் என்று ஒன்று இருக்கிறது. அங்கே ஒரு முகலாய ஓவியம். வரைந்தவர் ஜஹாங்கீரின் அவை ஓவியர் அபுல் ஹசன். காலம் 1616 வாக்கில். இணையத்தில் நல்ல தெளிவோடு கிடைக்கிறது, பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்க்கலாம். இந்தப் பதிவு அந்தப் படத்தைப் பற்றியும், அதில் வெறும் தலையாக மட்டும் இருக்கிற மனிதரைப் பற்றியும்.

முதலில் படத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன்.

ஜஹாங்கீர் ஓர் உலக உருண்டையின் மேல் நிற்கிறார். உருண்டையை ஒரு காளை தாங்குகிறது, காளையை ஒரு மீன் தாங்குகிறது. பேரரசர் வில்லை நாண் இழுத்துக் குறிபார்க்கிறார். எதிரே நட்டுவைத்த ஈட்டியின் முனையில் ஒரு கறுப்பு மனிதரின் வெட்டிய தலை. தலையின் மேல் ஓர் ஆந்தை, கீழே இன்னோர் ஆந்தை. மேகத்திலிருந்து ஐரோப்பியப் படங்களில் வருகிற மாதிரி சிறகு வைத்த குட்டித் தேவதைகள் ஆயுதம் எடுத்துக் கொடுக்கின்றன. நடுவில் நீதியைக் குறிக்கும் தராசு. சுற்றிலும் பொடி எழுத்தில் பாரசீகக் குறிப்புகள். அந்தத் தலையின் நிறத்தை இரவோடும் ஆந்தையோடும் சேர்த்து வைத்துப் பேசுகின்றன. ஆந்தை நமக்கு மட்டும் அபசகுனம் இல்லை, அவர்களுக்கும் அப்படித்தான்.

தலைக்குச் சொந்தக்காரர் மாலிக் அம்பர். அகமத்நகர் நிஜாம் ஷாஹி அரசின் பொறுப்பாளர், தளபதி, உண்மையான ஆட்சியாளர். எத்தியோப்பியாவில் பிறந்து அடிமையாக விற்கப்பட்டவர்.

படத்தில் ஒரே ஒரு சிக்கல்தான். இது நடக்கவே இல்லை.

ஜஹாங்கீர் மாலிக் அம்பரின் தலையை வெட்டவில்லை. அம்பர் முகலாயர் கையில் சிக்கியதே இல்லை. இருவரும் போர்க்களத்தில் நேருக்கு நேர் நின்றதும் இல்லை. அம்பர் 1626 மே மாதம், எழுபதைத் தாண்டிய வயதில், இயற்கையாக இறந்தார். அடுத்த ஆண்டு அக்டோபரில் ஜஹாங்கீர் இறந்தார். உலகத்தின் மேல் ஏறி நின்று, வானத்துத் தேவதைகளின் சப்ளையோடு, அசையாமல் கம்பத்தில் இருக்கும் தலையை நோக்கி அம்பு விடுகிற இந்தக் காட்சி பேரரசரின் ஆசை மட்டும்தான்.

யார் இந்த அம்பர்?

தமிழ்நாட்டில் மாலிக் என்றதும் நினைவுக்கு வருவது மாலிக் காஃபூர். 1311இல் மதுரை வரை வந்த தில்லி சுல்தானின் தளபதி. அவரும் அடிமையாக வாங்கப்பட்டவர்தான். மாலிக் என்பது பட்டம். காஃபூர் என்றால் கற்பூரம். அம்பர் என்றால் திமிங்கலத்தின் குடலில் உண்டாகும் வாசனைப் பொருள். கடற்கரை ஊர்களில் அதைக் கடத்திப் பிடிபட்டவர்கள் பற்றி அடிக்கடி பேப்பரில் வருகிறதே, அதேதான். அடிமைகளுக்கு இப்படி வாசனைப் பெயரும் ரத்தினப் பெயரும் வைப்பது அந்தக் காலத்து வழக்கம். விலை கொடுத்து வாங்கின பொருளுக்கு வைக்கிற பெயர்.

இவருடைய முதல் பெயர் சாப்பு. பிறப்பு 1548 வாக்கில். செங்கடல் ஓரம் ஏமன் நாட்டு மோக்கா துறைமுகத்தில் 20 டூகட் காசுக்கு விற்கப்பட்டார் என்று டச்சு வணிகர் பீட்டர் வான் டென் ப்ரூக் எழுதியிருக்கிறார். இந்த வணிகர் பின்னாளில் அம்பரை நேரில் சந்தித்தவர். பாக்தாதில் ஒரு வணிகரிடம் இருந்தபோது இஸ்லாத்துக்கு மாறினார், படித்தார், அம்பர் ஆனார். 1570களின் தொடக்கத்தில் தக்காணத்துக்குக் கொண்டுவரப்பட்டார். அங்கே அவரை வாங்கியவர் அகமத்நகர் அரசின் பேஷ்வாவான செங்கிஸ் கான். கவனியுங்கள், அந்தச் செங்கிஸ் கானும் ஒரு காலத்தில் அடிமையாக இருந்த ஹப்ஷி. எத்தியோப்பியப் பகுதியிலிருந்து வந்தவர்களை இங்கே ஹப்ஷி என்றார்கள். முன்னாள் அடிமை ஒருவர் ஆயிரம் அடிமைகளை வைத்திருந்தார், அதில் ஒருவர் அம்பர்.

எசமானர் இறந்ததும் அவருடைய மனைவி அம்பரை விடுவித்தார். அதன்பின் இருபது வருடம் கூலிப்படைத் தலைவர். கொஞ்ச காலம் பீஜப்பூரில். 1595 வாக்கில் நூற்றைம்பது குதிரை வீரர்களோடு அகமத்நகர் திரும்புகிறார். 1600இல் அகமத்நகர் கோட்டை அக்பரின் படையிடம் விழுகிறது. அரசு முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அம்பர் அரச குடும்பத்தில் இருபது வயதுப் பையன் ஒருவரைத் தேடிப் பிடித்து, தன் மகளைக் கட்டிக் கொடுத்து, முர்தஸா நிஜாம் ஷா என்று சிம்மாசனத்தில் ஏற்றினார். ரூட் பாஸ்வேர்டு அம்பரிடம், திரையில் தெரிகிற பெயர் மட்டும் நிஜாம் ஷா. அடுத்த 26 வருடம் இப்படித்தான் ஓடியது.

1610 வாக்கில் இந்தியாவில் பயணம் செய்த ஆங்கிலேய வணிகர் வில்லியம் ஃபிஞ்ச், அம்பரின் படையில் அவர் இனத்தவர் 10,000 பேரும் தக்காணத்தார் 40,000 பேரும் இருந்ததாகக் குறித்திருக்கிறார். தக்காணத்தாரில் மராத்தியக் குதிரை வீரர்கள் முக்கியமானவர்கள். பெரிய படையோடு நேருக்கு நேர் மோதாமல், ராத்திரியில் அடி, தானிய வண்டியை மடக்கு, மலைக்குள் ஓடு என்பதுதான் முறை. பீரங்கி, யானை, கூடாரம் எல்லாம் இழுத்துக்கொண்டு வரும் முகலாயப் படைக்கு இது தீராத தலைவலி.

படத்துக்குத் திரும்புவோம்

1616இல் அம்பர் ஒரு போரில் தோற்றார். ரோஷன்கான் என்ற இடத்தில் முகலாயப் படை ஜெயித்து, அவர் கட்டிய கிர்க்கி நகரத்துக்குள் புகுந்து நாசம் செய்தது. ஓவியமும் ஏறக்குறைய அந்த வருடத்தது. அடுத்த வருடம் இளவரசர் குர்ரம் தக்காணத்துக்கு வந்ததும் அம்பர் அகமத்நகர் கோட்டையை ஒப்படைத்துச் சமாதானம் செய்துகொண்டார். குர்ரமுக்கு ஷாஜஹான் என்ற பட்டம் கிடைத்தது இந்த வெற்றிக்குத்தான். ஆக, படம் ஒரு நிஜமான வெற்றியை ஒட்டிப் பிறந்ததாக இருக்கலாம். ஆனால் கிடைத்த வெற்றி வேறு, படத்தில் காட்டுகிற வெற்றி வேறு. 1620இல் அம்பர் ஒப்பந்தத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி இறங்கிவிட்டார்.

இந்தப் படத்தைக் கலை நுட்பத்துக்காக ரசிப்பவர்கள் உண்டு. நியாயம்தான். நுணுக்கம் அபாரம். எனக்கு அதன் கணக்கு பிடித்திருக்கிறது. ஒரு பக்கம் உலகம், காளை, மீன், தேவதைகள், தராசு, மணிமுடி, பேரரசர். இன்னொரு பக்கம் ஒரு தலை. ஒருவரைச் சாதாரண ஆள் என்று காட்ட இவ்வளவு சாமான் தேவைப்படாது. ஜஹாங்கீர் தன் நினைவுக்குறிப்பிலும் அம்பரை வசைச்சொல் சேர்த்துத்தான் எழுதுகிறார், அந்த வசை பெரும்பாலும் நிறத்தைப் பற்றியது. பேரரசரின் முழுப் பட்டத்தில் நூருத்தீன் என்று வரும். மார்க்கத்தின் ஒளி. ஒளி எதிர் இருட்டு என்று படத்தின் கணக்கு கச்சிதமாக உட்கார்ந்துவிடுகிறது.

பள்ளியில் ஜஹாங்கீர் என்றால் நீதிச் சங்கிலி என்று படித்தோம். நம்ம மனுநீதிச் சோழன் மணி மாதிரி, யார் வேண்டுமானாலும் இழுத்து நியாயம் கேட்கலாம். அதே நீதியின் அடையாளம் இந்தப் படத்திலும் தராசாக வருகிறது. பக்கத்தில் ஈட்டியில் தலை. அந்தத் தராசு யாருக்காக நிறுக்கிறது என்பது கேட்க வேண்டிய கேள்வி.

இதற்கு எதிர்ப்படம் ஒன்றும் இருக்கிறது. அதுவும் முகலாய அவையில் வரைந்ததுதான். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கும், ஹாஷிம் வரைந்த மாலிக் அம்பர் உருவப்படம். காலம் 1620 வாக்கில். பக்கவாட்டு முகம், வெள்ளை அங்கி, கையில் நீண்ட வாள். வயதான, கனத்த, பொறுமையான மனிதர். ஆந்தை இல்லை, தேவதை இல்லை. இந்த இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே அவை, நாலைந்து வருட இடைவெளி. ஒன்று எதிரியை எப்படிப் பார்க்க ஆசை என்று சொல்கிறது, மற்றது எதிரி எப்படி இருந்தார் என்று சொல்கிறது. இரண்டையும் சேர்த்து வைத்திருந்ததுதான் அந்த அவையின் நேர்மை என்று எனக்குப் படுகிறது. அம்பர் இறந்த பிறகு முகலாய வரலாற்றாசிரியர் முத்தமித் கானே, போரிலும் நிர்வாகத்திலும் அவருக்கு இணையில்லை என்ற பொருளில் எழுதிவைத்தார்.

மாலை போடுகிற அம்பு

இப்போது நம் காலத்துக்கு வருவோம். வாட்ஸாப்பிலும் யூட்யூபிலும் மாலிக் அம்பர் அவ்வப்போது வருகிறார். அடிமையாக விற்கப்பட்டார், பேரரசையே நடுங்க வைத்தார், உங்களாலும் முடியும் என்கிற வகை. முடிவில் ஒரு சிங்கத்தின் படம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதுவும் அபுல் ஹசன் செய்ததையே செய்கிறது. உடம்பை விட்டுவிட்டுத் தலையை மட்டும் எடுத்துக் கம்பத்தில் வைக்கிறது. அங்கே அம்பு, இங்கே மாலை. வித்தியாசம் அவ்வளவுதான்.

விட்டுப்போகிற உடம்பு எது?

முதலாவது, அடிமை முறை. அம்பர் ஏணியில் ஏறினார் என்கிறோம். அந்த ஏணியே அடிமைச் சந்தைதான். தக்காணத்து அரசர்களுக்கு உள்ளூரில் சொந்தபந்தம் இல்லாத வீரர்கள் தேவைப்பட்டார்கள். சாதி, குலம், நிலம் எதுவும் இல்லாத ஆள் எசமானரைத் தவிர யாருக்கும் விசுவாசமாக இருக்க முடியாது என்ற கணக்கு. வரலாற்றாசிரியர் ரிச்சர்ட் ஈட்டன் 2005இல் வெளியிட்ட தக்காண சமூக வரலாற்று நூலில் எட்டுப் பேரின் வாழ்க்கையை எடுத்துக்கொள்கிறார், அதில் ஒருவர் அம்பர். அந்த அத்தியாயத்தின் பலமே இதுதான்: அம்பரின் திறமையைவிட அவரை வேரோடு பிடுங்கிக் கொண்டுவந்த ஏற்பாட்டைக் காட்டுகிறது. மோக்காவில் அவரோடு விற்கப்பட்ட மற்றவர்கள் யாரும் ஓவியத்தில் வரவில்லை, ஃபார்வர்டிலும் வர மாட்டார்கள்.

இரண்டாவது, அவர் செய்தவை. 1610இல் முர்தஸாவின் பாரசீக மூத்த ராணி, அம்பரின் மகளை அடிமைப் பெண் என்று சொல்லி இழிவுபடுத்தினாராம். மகள் அப்பாவிடம் சொல்ல, கொஞ்ச நாளில் அரசரும் அந்த ராணியும் விஷம் வைத்துக் கொல்லப்பட்டார்கள். இதையும் எழுதிவைத்தவர் வான் டென் ப்ரூக்தான். அடுத்து ஐந்து வயதுக் குழந்தை அரியணையில் ஏறியது, அதிகாரம் பழையபடி அம்பரிடமே இருந்தது.

இந்தச் சம்பவத்தில் நான் நிறைய நேரம் நின்றேன். விடுதலையாகி முப்பது வருடத்துக்கு மேல். நாட்டையே நடத்துகிறவர், அரசரின் மாமனார். அப்படியும் ஒரு வார்த்தை போதுமாக இருந்தது, அவர் மகளை மோக்கா சந்தைக்குத் திருப்பி அனுப்ப. அந்த வார்த்தை எப்படிச் சுட்டிருக்கும் என்பது நம் ஊரில் பிறந்த யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. வேலை, படிப்பு, வீடு எல்லாம் வந்த பிறகும் பழைய பெயரைத் தேடி எடுத்து வீசுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆனால் அந்த வலி புரிவதால் விஷம் நியாயமாகிவிடாது. மகளை அரசியலுக்காகக் கட்டிக் கொடுத்தவரும் அவரேதான். இரண்டையும் ஒரே மனிதரில் பார்க்க முடிந்தால்தான் அவர் வரலாற்று மனிதர். இல்லாவிட்டால் போஸ்டர்.

மூன்றாவது, செய்யாதவை. தான் எந்த முறையில் விற்கப்பட்டாரோ அந்த முறையை அவர் தொடவில்லை. அவருடைய பலத்தில் ஒரு பகுதியே அந்தச் சந்தை வழியாக வந்த ஹப்ஷி வீரர்கள்தான்.

இங்கே அமெரிக்காவின் ராபர்ட் ஸ்மால்ஸை நினைத்துக்கொள்வது உதவும். தென் கரோலினாவில் 1839இல் அடிமையாகப் பிறந்தவர். உள்நாட்டுப் போரின்போது, 1862 மே 13 விடியற்காலை, சார்ல்ஸ்டன் துறைமுகத்திலிருந்து பிளான்டர் என்ற ராணுவக் கப்பலை, வெள்ளைக்கார அதிகாரிகள் கரையில் இருந்த நேரம் பார்த்து, கேப்டனின் தொப்பியைப் போட்டுக்கொண்டு ஓட்டிக்கொண்டு போய் வடக்குப் படையிடம் சேர்த்தார். கப்பலில் அவர் குடும்பமும் சக தொழிலாளர் குடும்பங்களும் இருந்தன. பிறகு அரசியல். 1868இல் தன் மாநிலத்துக்குப் புதிய அரசியல் சட்டம் எழுதிய அவையில் உறுப்பினராக இருந்து பொதுப்பள்ளிக்காகப் பேசினார். நாடாளுமன்றம் போனார். தான் அடிமையாக இருந்த வீட்டையே விலைக்கு வாங்கினார். 1895இல் கறுப்பர்களின் ஓட்டைப் பறிக்க இன்னோர் அவை கூடியபோது, அங்கும் எழுந்து நின்று எதிர்த்தார்.

ஸ்மால்ஸ் நல்லவர், அம்பர் கெட்டவர் என்று மார்க் போடுவது என் நோக்கம் இல்லை. ஸ்மால்ஸ் வாழ்ந்த காலத்தில் அடிமை முறையை ஒழிப்பது என்ற பேச்சே ஒரு அரசியலாக வளர்ந்திருந்தது. அம்பரின் காலத்தில், அவர் இருந்த உலகத்தில், விடுதலை என்பது எசமானர் குடும்பம் கொடுக்கும் தனிப்பட்ட பரிசு. பரிசு வாங்கியவர் மேலே போகலாம், சந்தை அப்படியே இருக்கும். நம் ஃபார்வர்டுகள் கொண்டாடுவதும் அந்தப் பரிசுக் கதையைத்தான். உன்னாலும் முடியும் என்கிறது, சந்தையை மூடு என்று சொல்வதில்லை.

தண்ணீர் வேலை

தலையை விட்டுவிட்டு வேலையைப் பார்த்தால் அம்பர் இன்னும் பெரிதாகத் தெரிகிறார். 1610இல் கிர்க்கி என்ற கிராமத்தில் புது நகரம் எழுப்பினார். துக்ளக் தலைநகரை மாற்றி அவதிப்பட்டாரே, அந்த தௌலதாபாத் கோட்டைக்குப் பக்கம்தான். மழை குறைவான மேட்டு நிலம். அங்கே நஹரே அம்பரி என்ற கால்வாயை வெட்டினார். மலையடிவாரத்து நிலத்தடி நீரைச் சேர்த்து, பூமிக்கடியிலேயே குழாய்வழி கட்டி, வழியில் ஆள் இறங்கிச் சுத்தம் செய்யத் தூண்கிணறுகள் வைத்து, வெறும் சரிவை நம்பி நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் ஏற்பாடு. பம்ப் கிடையாது.

மந்தாரக்குப்பத்துக்காரனுக்கு இது எவ்வளவு பெரிய வேலை என்று தெரியும். எங்கள் ஊரில் பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியில் தண்ணீர் அழுத்தத்தோடு நிற்கிறது. அதை ராப்பகலாக இறைத்து வெளியேற்றினால்தான் சுரங்கத்தில் கரி வெட்ட முடியும். நிலத்தடி நீர் கண்ணுக்குத் தெரியாது, அது எங்கே எந்த மட்டத்தில் நிற்கிறது என்று கணக்குப் போடத் தெரிந்தவன் கையில்தான் ஊர் நிற்கும். கரண்ட் இல்லாத காலத்தில் அந்தக் கணக்கைச் சரிவிலேயே போட்டு முடித்திருக்கிறார்கள். வெட்டிய தொழிலாளர்களின் பெயர் ஒன்றும் நம்மிடம் வரவில்லை. கால்வாய்க்கு அம்பரின் பெயர்.

அதே தண்ணீர் போரிலும் வந்தது. 1624இல் முகலாயரும் பீஜப்பூரும் சேர்ந்து படையெடுத்தபோது, பாத்வடி என்ற இடத்தில் ஏரிக்கரையை உடைத்துவிட்டு எதிரி முகாமைச் சேறாக்கினார். வண்டி நகரவில்லை, தீனி வரவில்லை. பிறகு தாக்குதல். அவருடைய மிகப்பெரிய வெற்றி அதுதான். அப்போது அவருக்கு வயது எழுபதுக்கு மேல். கொஞ்ச காலத்திலேயே அப்பாவுக்கு எதிராகக் கலகம் செய்து துரத்தப்பட்ட ஷாஜஹான், யாரை ஜெயித்துப் பட்டம் வாங்கினாரோ அந்த அம்பரிடமே வந்து கூட்டுச் சேர்ந்தார். ஓவியத்தில் அம்பு விட்டவரின் சொந்த மகன்.

பாத்வடியில் அம்பர் பக்கம் நின்று சண்டையிட்டவர்களில் ஷாஹாஜி போன்ஸ்லே ஒருவர். சிவாஜியின் தந்தை. இந்த ஷாஹாஜியின் இன்னொரு மகன் ஏகோஜிதான் 1670களில் தஞ்சாவூரைப் பிடித்து மராத்திய ஆட்சியைத் தொடங்கியவர். செஞ்சிக் கோட்டையை 1677இல் சிவாஜி பிடித்தார். தஞ்சை அரண்மனையைச் சுற்றிப் பார்க்கிறவர்களுக்கு அம்பரின் பெயர் நினைவுக்கு வராது. ஆனால் அந்தக் குடும்பம் குதிரைச் சண்டை பழகிய களங்களில் முக்கியமானது அவருடையது.

அம்பர் கட்டிய கிர்க்கி, அவர் மகன் ஃபதே கான் காலத்தில் ஃபதேநகர் ஆனது. ஜஹாங்கீரின் பேரன் ஔரங்கசீப் காலத்தில் ஔரங்காபாத் ஆனது. 2023இல் சத்ரபதி சம்பாஜிநகர் ஆனது. பெயருக்கான சண்டையில் இரண்டு தரப்பும் பலமான தரப்பு. நகரத்தை நிறுவியவருக்காகப் பெரிதாக யாரும் கொடி பிடித்ததாகத் தெரியவில்லை. ஊரிலிருந்து கொஞ்ச தூரத்தில் குல்தாபாத். அங்கே அம்பரின் கல்லறை மாடம் இருக்கிறது. அதே ஊரில்தான் ஔரங்கசீப்பும் புதைக்கப்பட்டிருக்கிறார். எல்லோரா குகை பார்க்கப் போகிறவர்கள் அந்தப் பக்கமாகத்தான் போக வேண்டும். அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும், இறங்கிப் பார்த்துவிட்டு வரலாம்.